இரண்டாவது மரம்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு முற்றத்தம்மா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. தேநீர் கொண்டுவருகிறவரிலிருந்து முதலாளி வரைக்கும் அப்படித்தான் சொல்வார்கள், அவள் முதுகுக்குப் பின்னால். முகத்துக்கு நேரே மேடம். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற இடம் அது. மருத்துவமனை வேலை எது வந்தாலும் நேராக அவள் மேசைக்குத்தான் போகும். அவளும் எந்த மருத்துவமனையை எடுத்தாலும் முதலில் நடுவில் ஒரு முற்றத்தைப் போட்டு, அதில் மரத்தை நட்டுவிட்டுத்தான் சுவரைப் பற்றியே யோசிப்பாள்.

காகிதத்தில் மரம் நடுவது சுலபம். ஒரு வட்டம் போட்டால் மரம். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். முதல் கூட்டத்தில் நீரூற்று போகும். அடுத்த கூட்டத்தில் உட்காரும் பெஞ்சுகள் போகும். அதற்கடுத்த கூட்டத்தில் யாராவது ஒரு புத்திசாலி, "இந்த எடத்துல இன்னும் எத்தனை கட்டில் போடலாம் தெரியுமா?" என்று ஆரம்பிப்பான். கட்டடம் எழும்பி முடிக்கும்போது முற்றம் இருந்த இடத்தில் ஒரு காற்றுச் சந்து இருக்கும். அதில் ஏசி பெட்டிகள் வரிசையாக நின்று ஒன்றன் முகத்தில் ஒன்று சூடாக ஊதிக்கொண்டிருக்கும்.

முப்பது வருஷம் இப்படி. ஆரம்பத்தில் கத்திப் பார்த்தாள். பிறகு கெஞ்சினாள். பிறகு சிரித்துக்கொண்டே கேட்கக் கற்றுக்கொண்டாள். கல்லில் நார் உரிப்பது என்பார்களே, அந்த வேலை. உரித்த நார் எவ்வளவு என்று கேட்டால், காட்டுவதற்கு ஒன்றே ஒன்று இருந்தது.

நகரத்தின் மறு கோடியில் இருந்த அந்த மருத்துவமனையில் மட்டும் எப்படியோ முற்றம் தப்பித்தது. அவள் வரைந்தது இரண்டு மரம். நட்டது ஒன்று. இரண்டாவது மரத்துக்கான இடத்தைக் கடைசி நேரத்தில் ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு அறையிலும் ஒரு சுவரில் ஓவியம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அதையும் வாங்கிவிட்டாள். ஆறும் நாணலும் பறவைகளுமாக ஓவியர் நன்றாகவே வரைந்திருந்தார். "கலையும் இயற்கையும் கைகோர்த்து நோய் தீர்க்கும் இடம்" என்று திறப்பு விழா மலரில் அச்சடித்திருந்தார்கள். மருத்துவமனையை நடத்துகிற பெரிய டாக்டர் அதையே ஒலிபெருக்கியில் தன் சொந்தச் சரக்கு மாதிரி இரண்டு தடவை சொன்னார். எழுதிக் கொடுத்தவள் கீழே உட்கார்ந்து கை தட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கணவர் கேட்டார். "ரெண்டு மரமும் நட்டாச்சா?"

இன்னொரு தோல்வியை எடுத்துச் சொல்ல அவளுக்கு அன்றைக்குத் தெம்பு இல்லை. "நட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலைத் தாண்டியது கிடையாது. பனியை ஐஸ் பெட்டியில் பார்த்ததோடு சரி. ஆனால் பனிமலையைப் பற்றி அவர் பாடம் எடுத்தால் பின்வரிசைப் பையன்கள் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குவார்கள். பார்க்காத ஊரைப் பார்த்த மாதிரி சொல்வதுதான் அவர் தொழில். வீட்டில் சாப்பாட்டு மேசையில் அவள் படம் விரித்தால் எதிரே உட்கார்ந்து பென்சில் சீவித் தருவார். வேலை கம்ப்யூட்டருக்குப் போன பிறகு சீவுவதற்கு ஒன்றும் இல்லாமல், அபிப்பிராயம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மருத்துவமனையின் படம் அவருக்கு மனப்பாடம்.

சில வருஷம் கழித்து, அலமாரி மேலிருந்த பழைய உலக உருண்டையை இறக்குகிறேன் பேர்வழி என்று ஸ்டூல்மேல் ஏறி விழுந்தார் மனிதர். உருண்டை தப்பித்தது, முதுகெலும்பு தப்பிக்கவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போ" என்றார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் வாரக்கணக்கில் மல்லாந்தே கிடக்க வேண்டும், தலையைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாடியில் முற்றத்தைப் பார்த்த அறை கிடைத்தது. அதற்காக அவள் யார் சிபாரிசையும் பிடிக்கவில்லை. கிடைத்தது அதிர்ஷ்டம் என்றே நினைத்தாள்.

அதே சமயம் அலுவலகத்தில் பெரிய டாக்டரின் அடுத்த மருத்துவமனை வேலை முடிகிற கட்டத்தில் இருந்தது. "போன தடவ செஞ்ச மாதிரியே செஞ்சுடுங்க, கொஞ்சம் பெருசா" என்பதுதான் அவர் சொன்ன ஒரே வார்த்தை. இந்தத் தடவை முற்றத்தை யாரும் தொடவில்லை. படங்கள் எல்லாம் தயார், அவள் கையெழுத்துதான் பாக்கி. இதோடு போதும், நான் நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, கண் மங்கிவிட்டது. இனிமேல் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து ஒரு ஆளிடம் ஒரு மரத்துக்காகச் சிரிக்க முடியாது என்று தோன்றியது. வேலை செய்து களைப்பது ஒரு வகை, தூங்கினால் போய்விடும். இது கேட்டுக் கேட்டுக் களைத்த களைப்பு.

வேலை முடிந்து அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிடும், திரையை இழுத்து மூடியிருப்பார்கள். நாற்காலியில் விழுந்து, ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டே கேட்பாள்.

"இன்னைக்கு மரம் என்ன சொல்லுது?"

அவர் கூரையைப் பார்த்தபடி ஆரம்பிப்பார். "காலையில ஒரே சத்தம். குருவிங்களுக்குள்ள ஏதோ பாகப்பிரிவினை போல. வெயில் ஏறினதும் எல்லாம் அடங்கிடுச்சு. சாயங்காலம் காத்து அடிச்சப்போ எலையெல்லாம் திரும்பி வெள்ளையாத் தெரிஞ்சுது பாரு, அடடா. ஏதோ புண்ணியம் பண்ணியிருக்கே நீ."

நாள் முழுக்க அவளுக்குக் கிடைக்கிற நல்ல வார்த்தை அது ஒன்றுதான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். முப்பது வருஷம் வீண் போகவில்லை, என் மனுஷனுக்காவது உதவியது என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும்.

ஒரு நாள் அவர் சொன்னார். "மத்தியானம் ஒரு அணில் பண்ணின கூத்த நீ பார்க்கணும். இந்த மரத்துலேருந்து அந்த மரத்துக்கு ஒரே தாவு!"

ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "எந்த மரத்துக்கு?"

"அதான், அந்தாண்ட மரத்துக்கு. உன் ரெண்டாவது மரத்துக்கு."

"கீழ விழுந்துடலையே?"

"அணில் எங்கேயாவது விழுமா? வீட்டுக்குள்ள ஸ்டூல் போட்டு விழறதுக்கு நான் ஒருத்தன் போதாதா?" என்று சிரிக்கப் போய், முதுகு வலித்து முகம் சுளித்தார்.

மருந்து மயக்கமாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வாத்தியாருக்கு மயக்கம் எதுவும் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மத்தியானமே போனாள். அவரை ஸ்கேன் எடுக்கக் கீழே கொண்டுபோயிருந்தார்கள். அறை காலியாக இருந்தது. ஜன்னல் ஓரமாக நின்று வெளியே பார்த்தாள். மரம் இருந்தது. பொடி இலைகளோடு குடையாக விரிந்து, உச்சிக்கிளை ஜன்னலுக்குச் சற்றுக் கீழே வரைக்கும் வளர்ந்திருந்தது. அழகுதான், சந்தேகமே இல்லை. இரண்டாவது மரம் இருக்க வேண்டிய இடத்தில் ஜெனரேட்டர் கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் மின்னியது.

திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள். கட்டிலில் ஏறி அவர் படுக்கிற மாதிரியே மல்லாந்து, தலையணையில் பள்ளம் விழுந்திருந்த இடத்தில் தலையை வைத்துப் படுத்தாள்.

மரத்தைக் காணவில்லை.

ஜன்னலில் ஒரு துண்டு வானமும் எதிர்க் கட்டடத்துச் சுவரும் ஒரு குழாயும் தெரிந்தன. ஓர் இலைகூடத் தெரியவில்லை. ஜன்னலின் அடி விளிம்பை அவர்கள் தொழிலில் சில் என்பார்கள். அந்த சில் நிற்கிறவளின் இடுப்புக்கு மேலே இருந்தது. படுத்திருக்கிறவரின் கண்ணுக்கு அது மதில் சுவர். ஓவியம் எங்கே என்று தேடினாள். ஆறும் நாணலும் பறவைகளும் தலைமாட்டுச் சுவரில், அவள் மண்டைக்குப் பின்னால் இருந்தன. வாசலில் நின்று புகைப்படம் எடுத்தால் கட்டிலுக்கு மேலே பறவை பறக்கிற மாதிரி விழும், மலரில் அப்படித்தான் விழுந்திருந்தது. கட்டிலில் இருக்கிறவருக்குக் கால்மாட்டுப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைச் சுவர். மேலே கூரைச் சதுரங்கள், அதில் ஒன்றில் ஈரக்கறை. அந்தக் கறைக்கு வாத்தியார் இந்நேரம் ஏதாவது தேசத்தின் பெயர் வைத்திருப்பார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரைந்த படங்கள். அவற்றில் மரம் காக்கை பார்க்கிற மாதிரி மேலிருந்து இருக்கும், இல்லாவிட்டால் நிற்கிறவன் பார்க்கிற மாதிரி நேரே இருக்கும். உயரம் தெரிவதற்காக மனித உருவங்கள் போடுவார்கள். பெட்டியோடு ஒருவன், குடையோடு ஒருத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி. எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள். மருத்துவமனைப் படத்திலும் அவர்கள்தான். கட்டில்களை மட்டும் காலியாக விடுவார்கள், விரிப்பு சுருங்காமல் இருந்தால்தான் படம் துப்புரவாகத் தெரியும் என்று. முப்பது வருஷமாக அவள் ஒரு நோயாளியைக்கூடக் கட்டிலில் படுக்கவைத்ததில்லை.

வெட்கமாக இருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் படுத்த இடம் மெத்தென்று இருந்தது, அறை குளிர்ச்சியாக இருந்தது, அவளுக்கோ எத்தனையோ மாதத் தூக்கம் பாக்கி. அழுவதற்குள் தூங்கிப்போனாள்.

"அம்மா! அம்மா! இது பேஷன்ட் கட்டில்மா!"

நர்ஸ் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள். இவள் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து விரிப்பை நீவிவிட்டாள்.

"சிஸ்டர், இந்தக் கட்டில அப்படியே திருப்பி ஜன்னல் பக்கமா, கொஞ்சம் உசரமாப் போட முடியாதா?"

"எப்படிம்மா முடியும்? ஆக்ஸிஜன் குழாய், பிளக்கு, மணி எல்லாம் அந்தச் சுவத்துலல்ல இருக்கு. கட்டினவங்க அப்படிக் கட்டியிருக்காங்க."

"கட்டினவங்களுக்கு மூளையே இல்ல."

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க. நல்லாத்தான் கட்டியிருக்காங்க. ஓடி ஓடிக் கால் வலிச்சா நான் இங்க வந்து ஒரு நிமிஷம் நிப்பேன். அந்த மரத்தப் பார்த்தாப் போதும், பாதி வலி போயிடும்."

நின்று பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அவரைக் கொண்டுவந்து கட்டிலுக்கு மாற்றினார்கள். அவள் எதையும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால், அவர் இத்தனை நாளாகக் கட்டிக் கொடுத்தது இடிந்துபோகும். அதைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியுமா, தன்னால் முடியுமா என்று தெரியவில்லை. வழக்கம்போல மரத்தைப் பற்றிக் கேட்டாள். அவரும் வழக்கம்போலச் சொன்னார். அன்றைக்கு இரண்டாவது மரம் பூக்க ஆரம்பித்திருந்தது. என்ன நிறம் என்று கேட்டாள். வெளிர் மஞ்சள் என்றார். குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு, பாக்கி வைத்திருந்த அழுகையை அழுது முடித்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் புது மருத்துவமனையின் படத்தைத் திறந்து, காலிக் கட்டிலில் ஓர் ஆளைப் படுக்கவைக்கப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் தயாராக இருந்த உருவங்களில் படுத்தவர் ஒருவர்கூட இல்லை. தானே வரைந்தாள். கொஞ்சம் தொப்பை, மூக்கில் கண்ணாடி. அவர் கண்ணிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு கோடு இழுத்தாள். அது மரத்துக்கு மேலேயே போய் எதிர்ச் சுவரில் இடித்தது. ஒவ்வோர் அறையாக, மாடி மாடியாக இழுத்துப் பார்த்தாள். எல்லாக் கோடும் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. போன தடவை செய்த மாதிரியே செய்திருந்தாள் அல்லவா.

பொறியாளர் எட்டிப் பார்த்தார். அவளோடு பல வருஷம் வேலை செய்தவர், நல்ல மனுஷன்தான். "என்ன மேடம், தாத்தா ஒருத்தரப் படுக்க வச்சிருக்கீங்க?"

"சில்லை முழங்கால் உயரத்துக்கு இறக்கணும்."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "ஜன்னலுக்குக் கீழ ஏசி மெஷின் உட்கார்ந்திருக்கு மேடம். அத நகர்த்தினா குழாய், ஒயரு, கூரை எல்லாத்தையும் மாத்தணும். மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நீங்கதான் போறேன்னு சொல்லிட்டீங்களே?"

அவர் சொன்னது நியாயம். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தானே தாழியை உடைக்கப் பார்க்கிறாள். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனால், கணவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. படுத்துக் கிடக்கிறவர்கள் எழுந்து வந்து புகார் சொல்ல மாட்டார்கள், பொய்யாக அணில் விட்டுக்கொண்டிருப்பார்கள். போய்விடலாம் என்றுதான் அவள் உடம்பு முழுக்கச் சொல்லியது.

கையெழுத்துக்கான கூட்டத்துக்குப் பெரிய டாக்டர் வந்தார். முதலாளியும் பொறியாளரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"ஜன்னலுக்கு என்ன? போன கட்டடத்துல எல்லாரும் பாராட்டினாங்களே" என்றார் பெரிய டாக்டர்.

"யார் பாராட்டினாங்க டாக்டர்?"

"வந்து பார்த்தவங்க எல்லாருமே."

"படுத்திருந்தவங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளி அவளைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அவளுக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. கத்தத் தெம்பு இல்லை, கெஞ்ச மனசு இல்லை, சிரிக்க முகம் வரவில்லை. செருப்பைக் கழற்றினாள். கூட்ட மேசையின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, விரித்திருந்த படங்களுக்குப் பக்கத்திலேயே மல்லாந்து படுத்துவிட்டாள்.

"மேடம்! உடம்புக்கு என்ன பண்ணுது?" முதலாளி பதறி எழுந்தார். மூன்று தலைகள் அவளுக்கு மேலே குனிந்தன.

"ஒண்ணுமில்ல. நான் இப்படியே பேசுறேன். இங்கேருந்து எனக்கு என்ன தெரியுது சொல்லட்டுமா? உங்க மூணு பேரு மூக்கு. அப்புறம் டியூப் லைட். வெளிய அவ்வளவு வெயில் அடிக்குது, எனக்குத் தெரியல."

பொறியாளர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். பெரிய டாக்டரும் சிரித்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"என் வீட்டுக்காரர் உங்க ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்காரு டாக்டர். நான் போட்ட ஜன்னல்தான். தினம் எனக்கு மரத்தப் பத்திக் கதை சொல்றாரு. அவர் படுத்த எடத்துல நான் படுத்துப் பார்த்தேன். மரமே தெரியல. ஓவியம் தலைக்குப் பின்னால இருக்கு. நான் மனசு கஷ்டப்படுவேன்னு இல்லாத மரத்தப் பார்த்துக்கிட்டு இருக்காரு. நான் போட்டது தப்பு. தெரிஞ்சே இன்னொரு தடவ அந்தத் தப்பப் போட முடியாது."

பெரிய டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து, படத்தில் தொப்பையோடு படுத்திருந்தவரைப் பார்த்தார்.

"அவ்வளவு கீழ ஜன்னல் வச்சா, வர்ற குழந்தைங்க விழுந்துடாதா?"

"திறக்காத கண்ணாடி. வெளியில கம்பி."

"ஓவியத்த எதிர்ச் சுவத்துக்குக் கொண்டு போனா, போட்டோவுல விழாதே?"

"விழாது."

"முன்கூடத்துல அருவி போட்டிருக்கீங்களே, அத வேணா எடுத்துடலாமா?"

அந்த அருவியை அவள் ஆசை ஆசையாகப் போட்டிருந்தாள். "எடுத்துக்குங்க" என்றாள், படுத்தபடியே.

அவர் பேனாவை மூடினார். "சரி, வரைஞ்சு கொண்டு வாங்க. பார்ப்போம்."

முப்பது வருஷத்தில் அவள் கேட்காத 'பார்ப்போம்' கிடையாது. அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை. அவள் வீட்டுக்குப் போக முடியாது என்பது மட்டும் அதில் நிச்சயம். பொறியாளர் கை கொடுத்து எழுப்பினார். "அப்போ நீங்க போகலயா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எங்க போக விடுறீங்க?" என்று சொல்லிவிட்டு, மேசைக்கடியில் செருப்பைத் தேடினாள்.

கணவரை வீட்டுக்கு அனுப்புகிற நாளும் வந்தது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், வீட்டிலும் இன்னும் சில வாரம் அப்படியேதான். தள்ளிக்கொண்டு போன ஊழியரிடம், வாசலுக்கு முற்றம் வழியாகவே போகச் சொன்னாள். சுற்று வழி என்று அவர் முணுமுணுத்தார். இருந்தாலும் போனார். மரத்தடிக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

வாத்தியார் கண்ணைத் திறந்தார். தலைக்கு மேலே கிளையும் அதற்கு மேலே கிளையும், நடுநடுவே வெளிச்சமும். ஓர் இலை அவர் கண்ணாடியில் விழுந்தது. அவள் எடுக்கப் போனாள், வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். மரத்தை அடியிலிருந்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. கழுத்து வலித்தது.

"நல்லா வளர்ந்திருக்கு" என்றார். பிறகு கண்ணை மட்டும் பக்கவாட்டில் திருப்பினார். தகரக் கொட்டகைக்குள் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு எங்க?"

"நடவே இல்லங்க. அன்னைக்கே அந்த எடம் போயிடுச்சு."

"நட்டாச்சுன்னு சொன்னியே."

"நீங்க அணில் தாவிச்சுன்னு சொன்னீங்களே."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. படுத்திருந்ததால் கண்ணீர் கன்னத்துக்கு வராமல் காதுக்குள் இறங்கியது. அவள் விரலால் துடைத்துவிட்டாள்.

"நீ அவ்வளவு களைச்சுப் போய் வந்து உட்காருவே" என்றார். "எப்படிச் சொல்றது?"

"எனக்கும் அன்னைக்கு முடியலைங்க."

வாசலில் ஆம்புலன்ஸ் ஹாரன் அடித்தது. ஊழியர் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்து, "போகலாமாம்மா? இந்த மரத்த சார் இத்தன நாளா மேலேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தாரு?" என்றார்.

"கொஞ்சம் இருங்க தம்பி" என்றாள் அவள். "இன்னைக்குத்தான் பார்க்கிறாரு."